புனைபெயர் மறைக்கும் சாதி

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டபோது, இழிவுபடுத்துபவரின் முகம் ஊருக்குத் தெரிந்திருந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை. இன்று அதே வசை பெயரற்ற கணக்குகளிலிருந்து வருகிறது. இணையமும் ‘பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம்’தான் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் கூறிவிட்டது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பிரிவு 3(1)(ஆர்)-இன்படி, குற்றம் புரிந்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சாராதவராக இருக்க வேண்டும். புனைபெயர் மறைப்பது பெயரை மட்டுமன்று, அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டிய சாதியையும்தான். வசைபாடுபவர் நம் சாதியை அறிவார். அவர் சாதியை நாம் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும்!

அப்படியானால் புனைபெயரையே தடை செய்துவிடலாமா? கூடாது என்பேன். விடுதியிலும் அலுவலகத்திலும் சாதியை வெளியிட இயலாத நம் இளைஞர்கள் அச்சமின்றிப் பேசுவதும் புனைபெயரில்தான்.

தேவைப்படுவது விரைவான புலனாய்வு. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அதிகாரம் பெற்ற முகமை எழுத்துவழி ஆணையிட்டால் சமூக ஊடக நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தகவல் அளிக்க வேண்டும். நீக்கப்பட்ட கணக்கின் பதிவு விவரங்களை 180 நாள்கள் காக்க வேண்டும். புகார் காவல் நிலையத்தில் உறங்கும் ஒவ்வொரு வாரமும் அந்த 180-இல் கழிகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுப்போர் பதிவின் இணைய முகவரியையும் நேரத்தையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். அதன் அச்சுப்படியை நீதிமன்றத்தில் அளிக்கும்போது, பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் உடன் வேண்டும்.