மிளகுப் பொதி

1896-ஆம் ஆண்டு கனடாவின் வடமேற்கு மூலையில், கிளாண்டைக் என்னும் ஆற்றை ஒட்டிய ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டே இலட்சம் பேர் வரை வீடு வாசலை விட்டுக் கிளம்பினர் என்பர். ஓராண்டுக்கு வேண்டிய உணவும் தளவாடமும் கையில் இல்லாதவரைக் கனடாக் காவலர் எல்லை தாண்ட விடவில்லை. ஆளுக்கு ஏறத்தாழ 1 டன் சுமை சேர்ந்தது. அதை மலையேற்றக் குதிரைகளைப் பிடித்தனர். நகரங்களில் கழித்துக் கட்டிய கிழட்டுக் குதிரைகள். ஏற்றியவர்களோ பொதி கட்டி அறியாதவர்கள். 'ஒயிட் பாஸ்' கணவாயில் மட்டும் சுமார் 3,000 குதிரைகள் மடிந்தன. அப்பாதைக்குச் 'செத்த குதிரைப் பாதை' என்றே பெயராயிற்று.

நூலகத்தில் இதைப் படித்த அன்று, தங்கத்தைவிடக் குதிரைகளே என் மனத்தில் நின்றன. என் தாத்தா போடிக்கு மேற்கே குரங்கணியில் பொதிக்குதிரை ஓட்டியவர்.

தமிழகத்திலும் தங்கக் காய்ச்சல் அடித்ததுண்டு. 1880-ஐ ஒட்டிக் கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் இலண்டன் கம்பெனிகள் பணத்தைக் கொட்டி, இரண்டு மூன்று ஆண்டுகளில் கையைச் சுட்டுக்கொண்டன. மதுரைக்குப் பொன் வந்த வழி வேறு. அது மிளகுக்கு மாற்றாகக் கடல்மேல் வந்தது. யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றில் (149) பாடுகிறார். முசிறியைச் சொல்லும் அதே பாட்டில் கூடலும் பரங்குன்றமும் வருவது நமக்குப் பெருமை. மிளகைப் பொன் வெள்ளிபோல் நிறுத்து வாங்குகிறார்களே என்று உரோமானிய அறிஞர் பிளினி குறைப்பட்டுக்கொண்டார். பாண்டியன் தலைநகர் மதுரை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மிளகு விளைவது மலையில். அதைக் கீழே கொண்டுவந்தது விலங்கின் முதுகுதான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு கழுதைச் சாத்தைக் காட்டுகிறார். பலாப்பழம் போன்ற மிளகுப் பொதிகள் இருபுறமும் சமமாகத் தொங்குகின்றன. நிமிர்ந்த காது, வலிய முதுகு, அதில் ஆழ்ந்த வடு. பெருவழியில் சுங்கம் வாங்குகிறார்கள். வில்லேந்திய காவலரும் நிற்கின்றனர். அப்பாட்டின் தலைவன் காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையன். ஆனால் இச்சாத்தைக் குரங்கணிப் பாதையில் விட்டாலும் பொருந்தும்.

அந்தச் 'சமம்' என்பதில்தான் தொழிலே அடங்கியிருக்கிறது. கோவேறு கழுதைக்குப் பட்டாளத்தார் வகுத்த சுமை ஏறத்தாழ 72 கிலோ. எடையைவிட முக்கியம் இரு பக்கமும் ஒத்திருப்பது. ஒரு பக்கம் சற்றே கனத்தாலும் சேணம் சரியும். சரிந்த சேணம் தோலை அறுக்கும். தாத்தா பொதியை ஏற்றியபின் பின்னால் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாராம். குறைந்த பக்கத்தில் ஒரு கல்லைச் செருகுவதும் உண்டு. சுமை இறக்கியதும் சேணத்தை உருவிவிடக் கூடாது. வாரை மட்டும் தளர்த்தி, வியர்வை காய்ந்தபின்தான் எடுக்க வேண்டும். இல்லையேல் முதுகு வீங்கும். முதுகு புண்ணானால் குதிரைக்கு மட்டுமா பட்டினி? வீட்டிலும் உலை ஏறாது. கிளாண்டைக்காரனுக்கு ஒரு முறை மலையேறினால் போதும். தாத்தாவுக்கு அடுத்த சந்தைக்கும் அதே குதிரைதான்.

மேலே போனவை அரிசி, உப்பு, பருப்பு, மண்ணெண்ணெய். கீழே வந்தவை ஏலம், மிளகு, காப்பி. இயந்திரம் வராமல் இல்லை. மூணாற்றுத் தேயிலைக்காக 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. அதையும் இழுத்தவை மாடுகளே என்று சொல்கிறார்கள்! 1908-இல் அது சிறு இரயில் பாதையாயிற்று. 1924 வெள்ளம் அதை அடித்துச் சென்றது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவழியிலும் தேயிலை இறங்கிற்று. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. ஆயினும் கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் எட்டாத சிற்றூர்களுக்குப் பொதிக்குதிரைதான் போயிற்று. மதுரைக்கு வடக்கே நத்தத்தை அடுத்த மலையூருக்கு அண்மைத் தேர்தல்களிலும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில்தான் ஏறின. ஓட்டுப்பெட்டியும் பொதிதானே!

சென்ற விடுமுறையில் தாத்தாவிடம் பெரும்பாணாற்றுப்படைக் கழுதைகளைப் பற்றிச் சொன்னேன். ஆழ்ந்த வடுவைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வடுன்னா பாடியிருக்காரு? புண்ணுன்னு இல்லையே?"

"வடுதான் தாத்தா."

"அப்படின்னா ஆறப்போட்டுத்தான் ஓட்டியிருக்கான்" என்றார்.