‘மனித உரிமை ஆணையம்’ ஸ்டிக்கர் ஒட்டுனா அதிகாரம் வந்துடுமா? உண்மையான புகாரை எங்கே கொடுக்கணும்? முழு விவரம்!

கார் முன்கண்ணாடியில் ‘மனித உரிமைகள்’ என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர். உள்ளே இருப்பவர் கழுத்தில் அசோகச் சின்னம் மாதிரியே ஒரு முத்திரை போட்ட அடையாள அட்டை. காரைக்குடி, தேவகோட்டை பக்கம் மட்டுமில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊர் கடைவீதியிலும் இப்படி ஒருவரை நீங்கள் பார்த்திருக்கலாம்.

சாதாரண நாளில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் ராத்திரி நேரத்தில் வீட்டுப் பையனை விசாரணைக்கு என்று போலீஸ் கூட்டிப் போனால்? “எனக்குத் தெரிஞ்ச மனித உரிமை ஆளு ஒருத்தர் இருக்கார், பேசிப் பார்ப்போம்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அந்த நேரத்தில் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏனென்றால் மனித உரிமைப் புகாருக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. அது பலருக்கும் தெரியாது.

உண்மையான ஆணையம் எது?

1993-ம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் டெல்லியில் தேசிய மனித உரிமை ஆணையம் அமைந்தது. தமிழ்நாட்டில் மாநில மனித உரிமை ஆணையம் 1997-ல் தொடங்கியது. இதன் அலுவலகம் சென்னை பசுமைவழிச் சாலை பகுதியில், குமாரசாமி ராஜா சாலையில் இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்தான் மாநில ஆணையத்தின் தலைவராக வர முடியும்.

விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி அதிகாரிகளுக்கு சம்மன் அனுப்பவும், ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் இந்த ஆணையத்துக்கு ஒரு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. இழப்பீடு கொடுக்கச் சொல்லியும், துறை நடவடிக்கை எடுக்கச் சொல்லியும் அரசுக்குப் பரிந்துரை செய்யும். “வெறும் பரிந்துரைதானே, அரசு கேட்கலைன்னா?” என்ற கேள்வி ரொம்ப நாளாக இருந்தது. அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்னது.

இது தவிர, ஒவ்வொரு மாவட்டத்திலும் முதன்மை அமர்வு நீதிமன்றமே மனித உரிமை நீதிமன்றமாகவும் செயல்பட வழி இருக்கிறது. சட்டப்படியான அமைப்புகள் இவைதான். மாவட்டக் கிளை, ஒன்றியக் கிளை, ‘மாவட்டத் தலைவர்’, ‘இளைஞரணிச் செயலாளர்’ எல்லாம் உண்மையான ஆணையத்தில் கிடையாது.

அப்போ அந்த ஸ்டிக்கர், அட்டை எல்லாம்?

பெரும்பாலும் அவை தனியார் சங்கங்கள் அல்லது அறக்கட்டளைகள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ், 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். ‘அரசு பதிவு பெற்றது’ என்று போர்டில் போடுவதற்கு அவ்வளவுதான் அர்த்தம். தெரு நலச் சங்கத்துக்கு இருக்கும் பதிவு எண் மாதிரிதான் இதுவும். காவல் நிலையத்துக்குள் போய் அதிகாரம் செய்யவோ, சம்மன் அனுப்பவோ, சோதனை போடவோ இவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

தங்கள் பெயரைப் போலவே பெயர் வைத்துக்கொண்டு இயங்கும் தனியார் அமைப்புகளிடம் கவனமாக இருங்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையமே எச்சரித்திருக்கிறது.

ஆனால் ஒன்று. தனியார் அமைப்பு என்றாலே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிஜமாகவே மக்களோடு நிற்கும் தன்னார்வலர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் பதவி இருக்காது, வேலை இருக்கும்.

அதிகாரமே இல்லாதவர்களால் என்ன செய்ய முடியும்?

நிறைய செய்ய முடியும். நம்ம சிவகங்கை மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது.

2025 ஜூன் மாதம், திருப்புவனம் அருகே மடப்புரம் காளி கோயிலில் காவலாளியாக வேலை பார்த்த 27 வயது இளைஞரை, நகை காணாமல் போன புகாரில் தனிப்படை போலீஸார் விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். ஜூன் 28 அன்று அவர் உயிரிழந்தார். உடலில் 44 காயங்கள் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது. 5 போலீஸார் கைது செய்யப்பட்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதி விசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்கு சிபிஐ வசம் போனது.

இந்த வழக்கில் திருப்பத்தைக் கொடுத்தது எது தெரியுமா? அந்த இளைஞர் அடிக்கப்படுவதை மறைவாக நின்று செல்போனில் எடுத்த ஒரு வீடியோ. எடுத்தவர் எந்த ஆணையத்தின் உறுப்பினரும் இல்லை. கோயிலில் வேலை செய்த சாதாரண ஆள். அவரிடம் அடையாள அட்டை இல்லை, சாட்சி இருந்தது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் வாச்சாத்தி. தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைக்கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சோதனை என்ற பெயரில் நுழைந்தார்கள். ஊரே சூறையாடப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்த மக்களின் வாக்குமூலங்களைத் திரட்டி, வழக்காக மாற்றி, விடாமல் துரத்தியது மலைவாழ் மக்கள் சங்கமும் உடன் நின்றவர்களும்தான். 2011-ல் 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருஷம்!

‘உண்மை அறியும் குழு’ என்று செய்திகளில் கேள்விப்பட்டிருப்பீர்களே, அதன் வேலையும் இதுதான். வக்கீல், பேராசிரியர், பத்திரிகையாளர் என நாலைந்து பேர் சம்பவ இடத்துக்கே போய், பாதிக்கப்பட்டவர்களிடம் பேசி, அறிக்கை எழுதுவார்கள். அந்த அறிக்கைக்குத் தீர்ப்பின் பலம் கிடையாது. ஆனால் சாட்சிகள் கலைந்துபோவதற்கு முன், நடந்ததை எழுத்தில் நிறுத்திவிடும்.

சட்டமே இடம் கொடுத்த தன்னார்வலர்கள்

நம் பக்கத்திலேயே இருந்தும் பலர் பயன்படுத்தாத இரண்டு ஏற்பாடுகள் உண்டு.

முதலாவது, சட்டம் சார்ந்த தன்னார்வலர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு பயிற்சி கொடுத்து நியமிக்கும் உள்ளூர்க்காரர்கள் இவர்கள். மனு எழுத, சரியான அலுவலகத்துக்கு வழிகாட்ட, இலவச வக்கீல் கிடைக்க உதவுவார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. சிவகங்கையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழுவும் நீதிமன்ற வளாகங்களிலேயே இயங்குகின்றன.

இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி அமையும் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு. மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையிலும், கோட்ட அளவிலும் இது இருக்க வேண்டும். அரசு அதிகாரிகளோடு, அரசு சாராத உறுப்பினர்களும் இதில் உண்டு. மாவட்டக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. சாதி வன்கொடுமை வழக்கில் நிவாரணத் தொகை வந்ததா, குற்றப்பத்திரிகை போட்டார்களா என்று இங்கே கேள்வி எழுப்பலாம்.

மறக்கவே கூடாத அந்த ஒரு வருஷம்

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான விஷயம். சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால், மனித உரிமை ஆணையம் அதை விசாரிக்க முடியாது. சட்டத்தின் 36-வது பிரிவு இதைச் சொல்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அட்டை வைத்திருக்கும் ஒருவரை நம்பி, “பேசிட்டு இருக்கேன், மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேன்” என்று அவர் சொல்வதைக் கேட்டு மாதங்களைக் கடத்தினால், போவது பணம் மட்டுமில்லை. புகார் கொடுக்கும் வழியே அடைபட்டுவிடும்.

காவல் நிலைய சிசிடிவிக்கும் இதே அவசரம் உண்டு. காவல் நிலையங்களில் கேமரா வைக்க வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. மனித உரிமை ஆணையம் அந்தப் பதிவைக் கேட்டு வாங்க முடியும். எனவே மனுவிலேயே தேதி, நேரம் குறிப்பிட்டு, சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மனு எப்படி எழுதணும்?

கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. தமிழிலேயே எழுதலாம், தபாலிலும் அனுப்பலாம். யார், எங்கே, எந்தத் தேதியில், என்ன செய்தார் என்பதை வரிசையாக எழுதுங்கள். அதிகாரியின் பெயர் தெரியாவிட்டால் காவல் நிலையம் அல்லது அலுவலகத்தின் பெயர், பதவி போதும். மருத்துவமனைச் சீட்டு, காயத்தின் போட்டோ, சி.எஸ்.ஆர் ரசீது இருந்தால் நகலை மட்டும் இணையுங்கள். ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும். தபால் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் அரசு ஊழியரின் அத்துமீறல் அல்லது அலட்சியம் பற்றியதாக இருக்க வேண்டும். சொத்துத் தகராறு, கொடுக்கல் வாங்கல் போன்றவற்றை ஆணையம் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. ‘மனித உரிமை’ அட்டையோடு ஒருவர் கடன் வசூலுக்கோ, இடத் தகராறுக்கோ வந்து நின்றால், அது மனித உரிமைப் பணி இல்லை. கட்டப்பஞ்சாயத்து.

யாரை நம்பலாம்?

உறுப்பினர் அட்டைக்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறாரா? டோல்கேட்டில் இந்த அட்டையைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்கிறாரா? மனு நகலைத் தராமல் “நான் பார்த்துக்கறேன்” என்று மட்டும் சொல்கிறாரா? ஒதுங்கிவிடுங்கள். உங்களை உட்கார வைத்து விவரம் கேட்டு, மனுவை உங்கள் கையெழுத்தில் உங்கள் பெயரிலேயே அனுப்ப வைத்து, நகலை உங்கள் கையில் கொடுக்கிறாரா? அவர்தான் உண்மையான தன்னார்வலர்.

இந்த எண்களை இப்போதே போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்:

தேசிய மனித உரிமை ஆணையம்: 14433
இலவச சட்ட உதவி: 15100
சாதி வன்கொடுமைப் புகார்: 14566
பெண்கள் உதவி மையம்: 181
குழந்தைகள் உதவி மையம்: 1098

வீட்டில் யாரையாவது போலீஸ் அழைத்துப் போனால், எந்த நிலையம், எத்தனை மணி, யார் வந்தார்கள் என்பதை உடனே ஒரு பேப்பரில் குறித்து வையுங்கள். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதைக் கேட்பதற்கு உங்களுக்கு எந்த அட்டையும் தேவையில்லை.