வண்ணத்துக்கு அடியில் உள்ள பாடம்

உருவப்படம் பழகும் மாணவர் முன்னோர் ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைவதை வெறும் நகல் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில், லியொனார்டோவின் பட்டறையில் உருவான மோனா லிசா நகல் ஒன்று உள்ளது. அதனை அகச்சிவப்புக் கதிரால் ஆராய்ந்த முடிவு 2012இல் வெளியாயிற்று. மூல ஓவியத்தில் லியொனார்டோ வரைந்து மாற்றிய கோடுகள் பல, நகலின் வண்ணத்துக்கு அடியிலும் இருந்தன! முடிந்த படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவை புலப்பட வழியில்லை. ஆசான் திருத்தத் திருத்த, அருகிருந்தவரும் திருத்தினார் என்றே ஆய்வாளர் கருதுகின்றனர்.

ஆகவே வகுப்பிலும் முதலில் வண்ணம் வேண்டா. நெற்றி, மூக்கு, முகவாய் ஆகியவற்றின் அளவைக் கோட்டால் குறித்து, ஒளியும் நிழலும் பிரியும் இடத்தைக் காணட்டும். புன்னகை பிறகு வரட்டும். மதிப்பிடும்போது, மாணவர் அழித்த கோடுகளையும் நாம் கேட்டு வாங்கிப் பார்ப்போம்.