பாக்கெட் பாலில் பிழைத்த பல்

பிக்னிக் என்று பேச்செடுத்தாலே போதும், காலனிப் பெண்களுக்கு முதல் நாள் ராத்திரியே தூக்கம் போய்விடும். புளியோதரை யார், தயிர்சாதம் யார், வடாம் யார் பொறுப்பு என்று பட்டியல் போட்டு, பாய், கூஜா, குழந்தைகளுக்கு மாற்றுத் துணி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். ஆண்களின் பொறுப்பு விளையாட்டுப் போட்டிகள். சாக்கு, கயிறு, விசில், பரிசுக்கு எவர்சில்வர் டப்பா. அவ்வளவுதான்!

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனியிலிருந்து முக்கொம்புக்குப் போனோம். திருச்சியிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம், நல்ல மர நிழல். காலை டிபன் ஆனதும் சிறுவர்களுக்குச் சாக்கு ஓட்டம் வைத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், எங்கள் எதிர் வீட்டுக்காரரின் மகன், முதலாவதாகத் தத்தித் தத்தி வந்தான். எல்லைக் கோட்டுக்கு இரண்டடி முன்னால் சாக்கு காலில் சுற்றிக்கொண்டது. கைகள் இரண்டும் சாக்கைப் பிடித்திருக்கின்றன, ஊன்ற வழி ஏது? முகம் குப்புற விழுந்தான். மரத்தின் வேர் ஒன்று மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. அதில் வாய் மோதி, மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று மண்ணில் கிடந்தது.

ரத்தத்தைப் பார்த்ததும் அவன் அம்மா அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருவர் காபிப் பொடியை வைத்து அழுத்தச் சொன்னார். இன்னொரு பாட்டி, "போனது போச்சு, கூரை மேலே வீசிடு. வேறு முளைக்கும்" என்றார். பாட்டி சொன்னது பால் பல்லுக்குச் சரி. இது நிலைத்த பல். மேல் முன்பற்கள் ஏழெட்டு வயதில் விழுந்து முளைப்பவை, அப்புறம் போனால் போனதுதான்.

நல்ல வேளையாக ரிட்டயரான டீச்சர் அக்கா ஒருவர் எங்களோடு வந்திருந்தார். முதலில் பையனிடம் பெயர், வகுப்பு எல்லாம் கேட்டார். தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று விசாரித்தார். மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லை விட்டுவிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டுமாம். அவன் தெளிவாகப் பதில் சொன்னான். சுத்தமான கைக்குட்டையை மடித்து ஈறில் வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார். அதற்குள் யாரோ பல்லை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைக்கப் போனார்கள். "ஐயையோ, தேய்க்காதீங்க! வேரைத் தொடவே கூடாது!" என்று டீச்சர் போட்ட சத்தத்தில் எல்லோரும் நின்றுவிட்டோம்.

வேரின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார்கள் இருக்கின்றன. பல்லை எலும்போடு பிடித்து வைப்பவை அவைதான். காய்ந்தால் செத்துவிடும், தேய்த்தால் கிழிந்துவிடும். அதனால் பல்லை வெள்ளைப் பகுதியில்தான் பிடிக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் சில விநாடி தண்ணீரிலோ பாலிலோ அலசலாம். ஆனால் தண்ணீரிலேயே ஊறப் போட்டால் அந்த உயிரணுக்கள் ஊதி வெடித்துவிடும். பாலில் போட்டால் தாக்குப்பிடிக்கும்.

உண்மையில் அங்கேயே குழியில் பல்லைச் செருகி, துணியைக் கடித்துக்கொண்டு டாக்டரிடம் போவதுதான் எல்லாவற்றிலும் உத்தமம். டீச்சர் முயன்றார். பையன் வாயைத் திறந்தால்தானே! உடனே காபிக்காகக் கொண்டுவந்த ஆவின் பாக்கெட் ஒன்றைக் கத்தரித்து, காய்ச்சாத அந்தப் பாலை ஒரு சம்படத்தில் ஊற்றிப் பல்லைப் போட்டார்.

ஞாயிறு ஆயிற்றே, டாக்டர் இருப்பாரா? காரில் போகும்போதே செல்போனில் நாலு இடம் கேட்டு, ஐந்தாவதாக ஒரு பல் டாக்டர் அம்மா வரச் சொன்னார். விழுந்து ஐம்பது நிமிடத்தில் அவர் கையில் பல் இருந்தது. நேரம் ஆக ஆகப் பிழைக்கும் வாய்ப்புக் குறையும், ஒரு மணிக்குள் வந்தது நல்லதாயிற்று என்றார். பல்லைக் குழியில் வைத்துப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் இணைத்தார். மண்ணில் விழுந்த காயம் என்பதால் தடுப்பூசி விவரம் கேட்டு, டெட்டனஸ் ஊசியும் போடச் சொன்னார். இரண்டு வாரம் குழைந்த சாதமும் இட்லியும்தான்.

நம் வீட்டு மூன்று வயது வாண்டுக்கு இப்படிப் பால் பல் கழன்றால்? திரும்பச் செருகவே கூடாதாம். அடியில் வளரும் நிலைத்த பல்லுக்குச் சேதம் வரும். ஆனாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

எனக்கு ஒரு விஷயம் பொறுக்கவில்லை. அன்றைக்கே மத்தியானம், இவ்வளவும் நடந்த பிறகு, சின்னக் குழந்தைகளுக்கு வாயில் ஸ்பூனைக் கவ்வ வைத்து எலுமிச்சம்பழ ஓட்டம் விட ஏற்பாடு நடந்தது! ஸ்பூனோடு விழுந்தால் தொண்டையில் குத்தாதா? நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து, ஸ்பூனைக் கையில் பிடித்து நடந்தால் போதும் என்று மாற்றினோம். கயிறு இழுக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் ஆண்களையும் அதட்ட வேண்டியிருந்தது. இழுப்பு வேகத்தில் விரல் நசுங்கிப் போகும், துண்டாகவே போனதும் உண்டு.

பையனுக்கு இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை ஆயிற்று. கம்பியையும் எடுத்தார்கள். சில வருஷங்களுக்கு அவ்வப்போது எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டுமாம், வேர் மெல்லக் கரையாமல் இருக்கிறதா என்று. இப்போதைக்குப் பல் கெட்டியாக இருக்கிறது. கொய்யாப் பழத்தை மட்டும் அவன் அம்மா நறுக்கித்தான் தருகிறாள்.