ஆனா ஆவன்னா சொல்லித்தர எம்.எஸ்ஸி.யா?

“பால்வாடிப் பிள்ளைங்களுக்கு ஆனா ஆவன்னா சொல்லித்தர எதுக்குடி ரெண்டு வருஷம் எம்.எஸ்ஸி.? அது ஆயா வேலை இல்லையோ?”

என் மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, குழந்தை வளர்ச்சி, மழலையர் கல்வி என்று மேற்படிப்புக்குக் கோவைக்குப் புறப்பட்டபோது என் நாத்தனார் கேட்ட கேள்வி இது. வாய்விட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மனசுக்குள் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. மைசூருவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இங்கே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் என்று போகும்போது, என் பெண் மட்டும் களிமண்ணும் கலர் பென்சிலுமாக உட்காரப் போகிறாளே என்ற குறை எனக்கும் இருந்தது.

இன்று அந்தக் குறை இல்லை. அது எப்படிப் போனது என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை. ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் நடந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ள பருவத்தை ‘அடித்தள நிலை’ என்று அது தனியாகவே பிரித்திருக்கிறது. அந்தப் பருவத்தில் குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது, ஏன் அடம் பிடிக்கிறது, விளையாட்டில் எப்படிக் கணக்கு வருகிறது, சத்துக் குறைந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் பாடம். நாள்கணக்கில் குழந்தைகளோடு உட்கார்ந்து, கவனித்ததை எழுத வேண்டும். கோவை அவினாசிலிங்கம், பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம், டில்லி லேடி இர்வின் கல்லூரி போன்ற இடங்களில் இந்தத் துறை பல காலமாக இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள் தபால் வழியில் படிக்க இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் டிப்ளமோவும் உண்டு. தமிழ்நாட்டுக்கு இது புதுசும் அல்ல. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார்.

இரண்டாம் வருஷம் களப்பணிக்கு மகள் ஊருக்கே வந்துவிட்டாள். மைசூருவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது டி.நரசீபுரா. கபினி வந்து காவிரியோடு சேரும் ஊர். கர்நாடகத்தில் அங்கன்வாடித் திட்டம் முதன்முதலில் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது அந்தத் தாலுகாவில்தான், அதுவும் வெறும் 100 மையங்களுடன். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்கு இது தெரியாது. மகள் சொல்லித்தான் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் வந்தவள், “அம்மா, நாளைக்கு நீ என்கூட வரணும். உன் தமிழ் எனக்கு வேணும்” என்றாள்.

அங்கே ஒரு சின்னப் பெண். நாலு வயது இருக்கும். பெற்றோர் தருமபுரிப் பக்கத்திலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்கள். பிள்ளை அங்கன்வாடிக்கு வந்து இரண்டு மாதமாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசல் ஓரமாக, செருப்பைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கும்.

“மாத்தாடோதே இல்லா மேடம்” என்று அங்கன்வாடி டீச்சர் வருத்தத்தோடு சொன்னார். நல்ல மனுஷி. பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று பயந்து, மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்துக்கு அவரே அழைத்துப் போயிருக்கிறார். 1965இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே பரிசோதித்துவிட்டுக் காது நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். மடியில் கட்டிக்கொண்டு போயிருந்த புளியங்கொட்டையில் கொஞ்சம் அள்ளி, கையை மூடி நீட்டினேன். “ஒத்தையா? ரெட்டையா?”

குழந்தை என் முகத்தைப் பார்த்தது. கையைப் பார்த்தது. ரொம்ப நேரம் கழித்து, மெல்ல, “ரெட்ட” என்றது.

கையைத் திறந்தேன். செருப்பைக் கீழே வைத்துவிட்டு, அதுவே இரண்டிரண்டாக எண்ண ஆரம்பித்தது. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மகளோ நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவள் செய்ததுதான் படிப்பின் பயன். டீச்சருக்குத் தண்ணி, பசிக்குதா, வலிக்குதா என்று பத்துத் தமிழ் வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தாள். குழந்தைகளுக்குப் படச் சீட்டுகள் செய்தாள். பால் - ஹாலு, பல் - ஹல்லு, புலி - ஹுலி, பத்து - ஹத்து. தமிழில் ‘ப’ வரும் இடத்தில் கன்னடத்தில் ‘ஹ’ வரும் வார்த்தைகள் இவை. சூளைப் பிள்ளை ‘புலி’ என்னும், மற்ற பிள்ளைகள் ‘ஹுலி’ என்று கத்தும். விளையாட்டாகவே இரண்டு பக்கமும் கற்றுக்கொண்டது. மூன்று மாதத்தில் அந்தப் பெண் கன்னடத்தில் சண்டை போடுகிறாள் என்று டீச்சர் போனில் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனசு சரியில்லை. காரணம் என் மூத்த பையன். அவனை நர்சரியில் சேர்த்தபோது, “வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், தமிழ் பேசினால் குழம்பிவிடுவான்” என்றார்கள். நானும் எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் தாலாட்டாத குறையாக வளர்த்தேன். மகளையோ, நான் வேலைக்குப் போனதால் நாலு வயது வரை கும்பகோணத்தில் என் அம்மாவிடம் விட்டிருந்தேன். இன்று அவள் மூன்று மொழியில் சரளம். பையன் நல்ல வேலையில் இருக்கிறான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் அம்மா கண் மூடும் வரை, போனில் அவனோடு பேசியது “நல்லா இருக்கியா?” “நல்லா இருக்கேன் பாட்டி” என்ற இரண்டு வரிதான். அதற்குமேல் பேச அவனிடம் வார்த்தை இல்லை. அதைக் கொடுக்காதவள் நான்.

இதை மகளிடம் சொன்னேன். “உன் தப்பு இல்லம்மா. அப்ப யாரும் உனக்கு எடுத்துச் சொல்லலை” என்றாள். சொல்லக் கூடியவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இதே மானசகங்கோத்ரியில்தான் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் டி.பி.பட்டநாயக் தாய்மொழிக் கல்விக்காகவே எழுதியும் பேசியும் வந்தவர். நான் அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கன்னடமும் படிக்கட்டும், இங்கிலீஷும் படிக்கட்டும். வீட்டில் கதை சொல்வதும் கோபித்துக்கொள்வதும் கொஞ்சுவதும் தமிழில் இருக்கட்டும். அதனால் எந்த மொழியும் கெட்டுப்போகாது. உங்கள் பெண்ணோ பிள்ளையோ மழலையர் கல்வியை மேற்படிப்பாக எடுக்க ஆசைப்பட்டால், என்னைப் போல முகம் சுளிக்காமல் அனுப்பிவையுங்கள்.

போன மாதம் நாத்தனார் வந்திருந்தார். அவர் பேரனுக்கு மூன்று வயது, இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லையாம். என்னிடம் காபியை வாங்கிக்கொண்டே, “எங்கே உன் பெண்? அவளைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லேன்” என்றார்.