தாளம் தப்பும் இதயமும் தாமதிக்கக் கூடாத சிகிச்சையும்

இதய நோய் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மாரடைப்பு மாத்திரமே. இதயத்தின் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் உயிராபத்தை விளைவிக்கக் கூடிய நோய் என்பதை நாம் போதியளவு உணர்ந்திருக்கவில்லை.

ஓய்வு நிலையில் இதயம் பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவைகள் துடிக்கின்றது. வலது சோணையறையில் தோன்றும் மின்கணத்தாக்கமே அதனை நெறிப்படுத்துகின்றது. அவ்வறைகளில் ஒழுங்கற்ற கணத்தாக்கங்கள் பரவும்போது அவை சீராகச் சுருங்காது நடுங்குகின்றன. வைத்தியர்கள் இதனை 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்' என்பர். அங்கு தேங்கும் குருதி உறைந்து கட்டியாகி, மூளையின் குழாயை அடைத்தால் பாரிசவாதம் ஏற்படுகின்றது. இந்நோயுள்ளோருக்குப் பாரிசவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகும்.

படபடப்பு, மூச்சுவாங்கல், தலைச்சுற்று என்பன இதன் அறிகுறிகள். இவை வந்து மறைவதால் வாயுத் தொல்லையென்று அலட்சியம் செய்யப்படுகின்றன. சிலருக்கு அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. துடிப்பு சீரான வேளையில் எடுக்கப்படும் ஈ.சி.ஜி.யில் நோய் புலப்படாமலும் போகலாம். எனவேதான் 24 மணித்தியாலமோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியும், அப்பதிவை ஆராயும் விசேட சிகிச்சைப் பிரிவும் அவசியமாகின்றன.

ஐரோப்பாவின் 11 நாடுகளில் 2,789 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2020 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காலத்தின் அருமையை உணர்த்தியது. நோய் கண்டறியப்பட்டு ஓராண்டுக்குள் துடிப்பைச் சீராக்கும் சிகிச்சையை ஆரம்பித்தோரிடம் பாரிசவாதமும் இதய நோயினாலான மரணமும் குறைந்திருந்தன.

குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தே பாரிசவாதத்திற்கு எதிரான பிரதான காப்பு. வாதக் காய்ச்சலினால் இதய வால்வு வெகுவாகச் சுருங்கியோருக்கு வார்பரின் மாத்திரையே இன்றும் பரிந்துரைக்கப்படுகின்றது. அளவு குறைந்தால் குருதி உறையும். கூடினால் குருதிப்பெருக்கு ஏற்படும். ஆகையால் கிரமமான குருதிப் பரிசோதனை இன்றியமையாதது. ஒரு நாட் கூலியை இழந்து தொலைதூர வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டிய ஏழை நோயாளர் இடைநடுவில் சிகிச்சையைக் கைவிட நேரிடுகின்றது. இப்பரிசோதனையும் ஈ.சி.ஜி. வசதியும் அவர்களது ஊருக்கு அண்மித்த வைத்தியசாலைகளில் குறித்த தினங்களில் கிடைப்பதை உறுதிசெய்வது அதிகாரிகளின் கடமையாகும்.

மக்களுக்கும் பொறுப்புண்டு. மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுவதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. அது ஒழுங்கற்றிருப்பின் வைத்தியரை நாட வேண்டும். நோன்பு காலத்திலும் மருந்தைத் தாமாக நிறுத்தாது, உட்கொள்ளும் நேரத்தை வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் தென்பட்டால் உடனடியாக 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றப்பட வேண்டியதாகும்.

பாரிசவாதத்தில் விழுந்த குடும்பத் தலைவருடன் ஒரு குடும்பமே முடங்கிப் போகின்றது. அதனை முன்கூட்டியே தடுக்க வழியிருக்கையில் நாம் வாளாவிருத்தல் தகாது.