அண்ணன் சட்டை தம்பிக்கு... ராணுவத் துப்பாக்கி சின்ன ஊர் ஸ்டேஷனுக்குப் பொருந்துமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கருவூலத்தையோ, தேர்தல் நேரத்தில் வாக்கு எண்ணும் மையத்தையோ கடந்து போகிறவர்கள், வாசலில் நீளத் துப்பாக்கியோடு பாரா நிற்கும் போலீஸ்காரரைப் பார்த்திருப்பார்கள். அந்தத் துப்பாக்கிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது முதலில் போலீஸுக்காக உருவாக்கப்பட்டதே அல்ல, போர்க்களத்துக்காக உருவாக்கப்பட்டது.

அண்ணனுக்குப் பத்தாமல் போன சட்டை தம்பிக்கு வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நம் நாட்டில் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் இடையே துப்பாக்கி விஷயத்தில் நடந்ததும் அதுவே. சட்டை பெரிதாக இருந்தால் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். துப்பாக்கியை அப்படி மடித்துக்கொள்ள முடியாது. அங்கேதான் சிக்கல்.

எல்லையிலிருந்து ஸ்டேஷனுக்கு...

'த்ரீ நாட் த்ரீ' என்று போலீஸ் வட்டாரத்தில் சொல்லப்படும் .303 ரைஃபிள், இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் ராணுவம் சுமந்த ஆயுதம். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் தயாரானது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்துத் தள்ள வேண்டும். மேகசினில் 10 தோட்டாக்கள் பிடிக்கும்.

1962-ல் சீனாவோடு நடந்த போரிலும் நம் வீரர்கள் கையில் இருந்தது இதுதான். அதன் பிறகு ராணுவம் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். ரைஃபிளுக்கு மாறியது. இதில் போல்ட்டை ஒவ்வொரு முறையும் இழுக்க வேண்டாம். விசையை அழுத்த அழுத்த 20 தோட்டாக்கள் வரை அடுத்தடுத்துப் பாயும். ராணுவம் இதற்கு மாறியதும், .303 போலீஸ் கைக்கு வந்தது. 1990-களின் இறுதியில் ராணுவத்துக்கு 5.56 மி.மீ. 'இன்சாஸ்' வந்தது. அப்போது எஸ்.எல்.ஆர். போலீஸ் பக்கம் நகர்ந்தது. உத்தரப்பிரதேச போலீஸ் .303-க்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் என்றால், இந்தத் துப்பாக்கியின் ஆயுளைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

ராணுவம் ஒரு படி ஏறும்போதெல்லாம், அது விட்ட படியில் போலீஸ் ஏறி நின்றது. இந்த ஊரில், இந்த வேலைக்கு எது தேவை என்ற கேள்வி பெரும்பாலும் பிறகுதான் வந்தது.

பல்லைப் பிடுங்கிய துப்பாக்கி

ஆச்சர்யம் என்னவென்றால், அந்தக் கேள்வியைப் பிரிட்டிஷ் ஆட்சியே ஒரு வகையில் கேட்டிருக்கிறது. ராணுவத்தின் .303 ரைஃபிளை அப்படியே போலீஸுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுக்க அவர்களுக்குத் தயக்கம். எனவே, குழாயின் உட்புறத்தை வழவழப்பாக்கி, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டுமே போடும்படி மாற்றினார்கள். அதுதான் '410 மஸ்கட்'. ராணுவத் தோட்டா இதில் நுழையாது. குண்டு பாயும் தூரமும் குறைவு. தமிழ்நாடு போலீஸிலும் இந்த மஸ்கட் நெடுங்காலம் புழங்கியது.

இதில் மக்கள் மீதான கருணை எதுவும் இல்லை. துப்பாக்கி கிளர்ச்சிக்காரர்கள் கையில் சிக்கினால் தங்கள் மீதே திரும்புமே என்ற பயம்தான் காரணம். ஆனாலும் ஓர் உண்மை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லையில் நிற்பவருக்கும் கடைவீதியில் நிற்பவருக்கும் ஒரே ஆயுதம் சரிவராது.

ஆண்டிமடம் சொன்ன பாடம்

அந்த பயம் அர்த்தமில்லாதது அல்ல என்பதற்கு அரியலூர் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 1987 மார்ச்சில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து பலர் உயிரிழந்தார்கள். தமிழ்நாடு விடுதலைப் படை மீது குற்றம் சாட்டப்பட்டது. 10 ஆண்டுகள் கழித்து, 1997-ல் ஆண்டிமடம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. அங்கிருந்த ஆயுதங்கள் பறிபோயின. அந்த வழக்கிலும் அதே அமைப்பின் பெயர்தான். அப்போது ஆண்டிமடம் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது அரியலூர் மாவட்டம்.

சின்ன ஊர் ஸ்டேஷனில் ராத்திரி நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? ரோந்துக்குப் போனவர்கள் போக, பாராவில் ஒருவர், உள்ளே ஓரிருவர். அங்கே எவ்வளவு சக்தி வாய்ந்த துப்பாக்கியை வைக்கிறோமோ, அதைக் காக்கவும் அவ்வளவு ஏற்பாடு வேண்டும். இல்லையென்றால், பாதுகாப்புக்காக வைத்த ஆயுதமே திருடனைக் கூப்பிடும் தூண்டில் ஆகிவிடும்.

மும்பையும் தூத்துக்குடியும்

'அப்படியானால் போலீஸ் பழைய துப்பாக்கியையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளோடு நுழைந்த இருவர் 50-க்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களை எதிர்கொண்ட போலீஸாரிடம் இருந்தவை பழைய ரைஃபிள்களும் லத்திகளும்தான். கிர்காம் சௌபாத்தியில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே வெறும் லத்தியோடு நின்றார். கசாப்பின் துப்பாக்கிக் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு, குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார். கசாப் உயிரோடு பிடிபட்டதற்கு அவர் உயிர்தான் விலை. அவருக்கு அசோக சக்ரா விருது வழங்கப்பட்டது. அன்றைக்கு அவர் கையில் நல்ல ஆயுதமும் உடம்பில் கவச உடையும் இருந்திருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

பத்தாண்டுகள் கழித்துத் தூத்துக்குடி. 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன மக்கள் மீது போலீஸ் சுட்டது. மறுநாளும் துப்பாக்கிச் சூடு தொடர, 13 பேர் உயிரிழந்தார்கள். போலீஸ் வேன் மீது ஏறி எஸ்.எல்.ஆர். ரைஃபிளால் குறிபார்க்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து நாடே அதிர்ந்தது. விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தூண்டுதல் இல்லாமலேயே சுட்டார்கள், தப்பி ஓடிய மக்களையும் சுட்டார்கள் என்று சொன்ன ஆணையம், போலீஸ் அதிகாரிகள் 17 பேர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது.

எஸ்.எல்.ஆர். போர்க்களத்தில் தூரத்து எதிரியை வீழ்த்தப் பிறந்த ரைஃபிள். கூட்டத்தைக் கலைப்பதற்காகப் பிறந்தது அல்ல. கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தையே அழைத்தாலும், முடிந்த அளவு குறைவான பலத்தைப் பயன்படுத்த வேண்டும், உயிருக்கும் உடைமைக்கும் குறைவான சேதமே ஏற்பட வேண்டும் என்கிறது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம். ராணுவத்துக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், போலீஸுக்குச் சொல்ல வேண்டுமா?

மும்பையில் ஆயுதம் போதவில்லை. தூத்துக்குடியில் எடுத்திருக்கவே கூடாத ஆயுதத்தை எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் உயிரைவிட்டவர்கள் சாதாரண மனிதர்கள்.

அமெரிக்கா கற்ற பாடம்

பழைய ராணுவத் தளவாடத்தைப் போலீஸுக்குக் கொடுப்பதை ஒரு பெரிய திட்டமாகவே நடத்துகிறது அமெரிக்கா. அதற்கு '1033 திட்டம்' என்று பெயர். 1990-களில் போதைப்பொருள் ஒழிப்பைக் காரணம் காட்டித் தொடங்கியது. ராணுவத்தில் மிச்சமானது போலீஸுக்கு ஏறக்குறைய இலவசம். கொண்டுவரும் செலவும் பராமரிப்பும் மட்டும் அவர்கள் பொறுப்பு. கட்டில், மேஜை, குளிர்கால உடை என்று சாதாரணப் பொருள்களும் போகின்றன. ரைஃபிள்களும், கண்ணிவெடியைத் தாங்கும் கவச வண்டிகளும்கூடப் போகின்றன. கண்ணிவெடியே இல்லாத ஊர்களுக்கு!

இன்னொரு விதி, வாங்கிய பொருளை ஓராண்டுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். கையில் சுத்தியல் கிடைத்துவிட்டால் ஆணியைத் தேடச் சொல்வது போல ஆகிவிட்டது. 2014 ஆகஸ்டில் ஃபெர்குசன் என்ற சிறு நகரத்தில் 18 வயது இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. போராடிய மக்களுக்கு முன்னால் கவச வண்டிகளும் ராணுவ வீரர் போல உடுத்திய போலீஸாரும் வந்து நின்றார்கள். அவை எல்லாமே இந்தத் திட்டத்தில் வந்தவை அல்ல. ஆனாலும் அந்தக் காட்சி உலகம் முழுக்க விவாதமானது. அதிபர் ஒபாமா 2015-ல் கட்டுப்பாடு விதித்தார். ட்ரம்ப் 2017-ல் நீக்கினார். பைடன் 2022-ல் மீண்டும் விதித்தார். 2025-ல் ட்ரம்ப் திரும்பவும் கதவைத் திறந்துவிட்டார்.

இதில் சிரிப்பும் பயமும் சேர்ந்து வரவைக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு, இல்லாத ஒரு போலீஸ் அமைப்பை இருப்பதாகக் காட்டி விண்ணப்பித்துப் பார்த்தது. இரவில் பார்க்கும் கருவிகள், பயிற்சிக்கான போலி ரைஃபிள்கள் என்று 100-க்கும் மேற்பட்ட பொருள்கள் கைக்கு வந்து சேர்ந்தன. மதிப்பு 12 லட்சம் டாலர்! 2017-ல் அந்த அறிக்கை வெளியானது.

ராணுவப் பொருள் வந்த ஊர்களில் குற்றம் குறைகிறது என்று அதே ஆண்டு சில ஆய்வுகள் சொல்லியிருந்தன. பிறகு பதிவேடுகளைச் சரிபார்த்து, 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் எழுதிய ஆய்வாளர்கள் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். எந்தப் பொருள் எங்கே போனது என்ற கணக்கே ஒழுங்காக இல்லையென்றால், நன்மையா தீமையா என்று யார் சொல்வது?

நம்ம ஊருக்கு என்ன தேவை?

இந்தியாவில் மாநில போலீஸுக்கு ஆயுதம், வாகனம், கருவிகள் வாங்க மத்திய அரசின் நவீனமயமாக்கல் திட்டம் 1969-70 முதல் இருக்கிறது. இப்போது எல்லாமே பழசு என்று சொல்ல முடியாது. பெரம்பலூரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை. அங்கே தயாராகும் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' போலீஸ் படைகளுக்கும் போகிறது. பக்கத்திலேயே கிடைக்கிறது என்பதற்காக எல்லா ஸ்டேஷனிலும் வைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர். தமிழ்நாட்டிலேயே குறைவு. அரியலூரில் 7,54,894 பேர். சென்னை - திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியாகப் போகிறது. விபத்து என்றால் முதலில் ஓடுவது உள்ளூர் போலீஸ். அரியலூரில் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடுகின்றன. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் கரையோரக் கிராமங்களுக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் விரகாலூர் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் இறந்தபோதும் அங்கே முதலில் தேவைப்பட்டது மீட்புப் பணிதான்.

இந்த வேலைகளுக்கு நசுங்கிய காரை வெட்டித் திறக்கும் கருவி, இருட்டில் வேலை பார்க்க விளக்கு, ஸ்ட்ரெச்சர், லைஃப் ஜாக்கெட், பழுதில்லாத வயர்லெஸ் ஆகியவை வேண்டும். ராணுவத்தில் மிச்சமாகும் பொருள்களில் இவையும் உண்டு. கொடுப்பதாக இருந்தால் முதலில் இவற்றைக் கொடுக்கலாம். ரைஃபிள்களை மாவட்ட ஆயுதப்படையின் பாதுகாப்பான அறையில் வைத்து, போதிய தோட்டாக்களோடு பயிற்சி பெற்றவர் கையில் மட்டும் கொடுக்கலாம். மும்பை போன்ற ஓர் இரவுக்கு அது உதவும். கடைவீதிக் கூட்டத்துக்கு அது வெளியே வரக் கூடாது.

தமிழ்நாடு போலீஸுக்கு என்னென்ன வாங்கப்படுகிறது என்பது ஒன்றும் ரகசியம் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் காவல்துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்படுகிறது. அரசு இணையதளத்திலேயே படிக்கலாம். மிச்சம் தெரிய வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அடுத்த முறை அந்தக் குறிப்பு வெளியாகும்போது, 'எத்தனை துப்பாக்கி' என்பதோடு, 'எத்தனை ஸ்ட்ரெச்சர்' என்றும் தேடிப் பாருங்கள்.